ஆகாயத்தில் 20 மணி; தரையில் 13 மணி!

செம்பாக்கத்தில் இருந்து அமெரிக்கா எவ்வளவு தூரம்?

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்வார்கள். பல வீடுகளில் ஒரு மகனோ மகளோ கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். "ஒரு நாள் பிரயாணம்தான் சார்! இன்றைக்கு ஏறினால் நாளைக்கு வந்துவிடலாம்" என்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

செம்பாக்கத்தில் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். மீனம்பாக்கம் எங்களுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 8 கிலோ மீட்டர். பக்கத்து ஊர் மாதிரி. விமானம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் உலகமே பக்கத்தில் இருப்பதாக எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு தவறு என்பதை எதிர்வீட்டுப் பெரியவரின் கடைசி நாள் எனக்குக் காட்டியது.

33 மணி நேரம்

பெரியவர் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் என்ஜினீயர். ஒரு வியாழக்கிழமை காலை 6 மணிக்குப் பெரியவருக்கு மார்பு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "மகனை வரச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

உடனே டெலிபோன் செய்தோம். அங்கே அப்பொழுது புதன்கிழமை மாலை. மகன் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஒரு நிமிடம்கூட அவர் வீணாக்கவில்லை.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள்.

டிக்கெட் எடுத்து, விமான நிலையம் போய், சோதனைகள் முடித்து, விமானம் கிளம்ப 7 மணி நேரம் ஆயிற்று. வளைகுடா நாட்டு நகரம் ஒன்றுக்கு வந்து சேர 16 மணி நேரம். அங்கே அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தது 4 மணி நேரம். அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு 4 மணி நேரம். இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, பெட்டியை எடுத்து, சாலையில் வந்து ஆஸ்பத்திரி சேர 2 மணி நேரம்.

மொத்தம் 33 மணி நேரம். வெள்ளிக்கிழமை பகல் 3 மணிக்கு அவர் வந்தார்.

பெரியவர் அன்று காலை 8½ மணிக்கே இறந்துவிட்டார்.

அந்த நேரத்தில் மகன் எங்கே இருந்தார் தெரியுமா? ஆகாயத்தில் அல்ல. வழியில் இருந்த அந்த ஊரில், விமானத்தில் ஏறுவதற்கு வரிசையில் நின்று கொண்டிருந்தார்.

"பறந்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை மாமா. சும்மா உட்கார்ந்திருந்த அந்த 4 மணி நேரம்தான் என்னைக் கொல்கிறது" என்று அவர் என்னிடம் சொன்னார்.

அன்று முதல் தூரத்தைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன். 33 மணி நேரத்தில் அவர் ஆகாயத்தில் இருந்தது 20 மணி. தரையில் போனது 13 மணி. "விமானப் பிரயாணம்" என்று நாம் பேசும்போது அந்த 20 மணியை மட்டும்தான் பேசுகிறோம். 13 மணியை மறந்து விடுகிறோம்.

மறந்து விடுவது நாம் மட்டும் அல்ல. திட்டம் போடுகிறவர்களும்தான் என்பதே என் குறை.

பூசணிக்காயும் நூலும்

முதலில் தூரத்தைப் பார்ப்போம்.

உலகப் படத்தைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். சென்னையில் இருந்து சான்பிரான்சிஸ்கோ போவதற்குக் கிழக்கே பசிபிக் மகா சமுத்திரத்தைத் தாண்ட வேண்டும் என்று தோன்றும். அது தட்டையான படம் செய்யும் ஏமாற்று வேலை.

ஒரு பூசணிக்காயை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு நூலை இரண்டு புள்ளிக்கும் இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறுக்கு வழி. உலகமும் உருண்டை. ஆகவே அதே சட்டம் விமானத்துக்கும் பொருந்தும்.

அப்படி நூல் பிடித்தால், சென்னையில் இருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்கு வழி ஏறக்குறைய வடக்கே போகிறது. சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று உறைபனி நாடுகளின் மேலே ஏறி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்குகிறது. தூரம் சுமார் 13,900 கிலோ மீட்டர்.

வளைகுடா நாட்டில் இறங்கிப் போனால் சுமார் 16,000 கிலோ மீட்டர். ஆக, 2,000 கிலோ மீட்டருக்கு மேல் சுற்று. சென்னையில் இருந்து டெல்லிக்குப் போகும் தூரத்தைவிட இது அதிகம்!

லண்டன் நமக்கு இன்னும் பக்கம். மீனம்பாக்கத்தில் இருந்து லண்டனுக்கு நூல் பிடித்த தூரம் சுமார் 8,230 கிலோ மீட்டர். பழைய கணக்கில் சொன்னால் 5,100 மைலுக்குச் சற்று மேல். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோ மீட்டர்.

இந்தத் தூரங்களை யாராலும் குறைக்க முடியாது. கடவுள் போட்ட கணக்கு அது.

போகும்போது 11, வரும்போது 10

தூரம் மாறாது. ஆனால் நேரம் மாறும்.

சென்னையில் இருந்து லண்டனுக்கு இடையில் எங்கும் இறங்காமல் போக ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிறது. லண்டனில் இருந்து சென்னைக்கு வர ஏறக்குறைய 10 மணி நேரம்தான். ஒரே விமானம். ஒரே தூரம். ஏன் இந்த வித்தியாசம்?

காற்று!

தரையில் இருந்து சுமார் 10 கிலோ மீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஒரு பெரும் காற்று ஆறுபோல ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு 150 கிலோ மீட்டருக்கு மேலும் அது வீசும். லண்டனில் இருந்து வரும் விமானத்தை அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. லண்டனுக்குப் போகும் விமானத்தை மார்பில் கை வைத்துத் தடுக்கிறது. ஆற்றோடு போகும் படகும் ஆற்றை எதிர்த்துப் போகும் படகும் போலத்தான்.

காற்றைப்போல அரசியலும் நேரத்தை மாற்றும். 2022 பிப்ரவரியில் ரஷியாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்ட பிறகு, ஐரோப்பிய நாட்டு விமானங்களும் அமெரிக்க விமானங்களும் ரஷியாவின் வானத்தில் பறக்க முடியாமல் போயிற்று. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. இந்தியாவும் பதிலுக்கு மூடியது. வட இந்தியாவில் இருந்து மேற்கே போகும் விமானங்கள் கூடுதல் நேரம் எடுத்துச் சுற்றிப் போக வேண்டி வந்தது.

வானத்தில் சுவர் இல்லை. ஆனால் கதவு உண்டு. அதை மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை.

கடிகாரம் செய்யும் மாயம்

டிக்கெட்டைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

"காலை 5½ மணிக்குச் சென்னையில் புறப்பாடு. பகல் 11 மணிக்கு லண்டன்" என்று போட்டிருந்தால், 5½ மணி நேரப் பிரயாணம் என்று நினைத்து விடுகிறார்கள். அது தவறு. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு 5½ மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் 11 மணி நேரம் ஆகிவிடுகிறது. கோடைக்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். அப்பொழுது வித்தியாசம் 4½ மணி.

கடிகார வித்தியாசம் நம் ஊருக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் சென்னைக்கென்றே தனி நேரம் இருந்தது. சென்னை வானிலைக் கூடத்தைக் கொண்டு கணக்கிட்ட அந்த நேரம், லண்டனை அடுத்த கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. அதை வைத்துத்தான் ரெயில்கள் ஓடின. 1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வந்தது.

சான்பிரான்சிஸ்கோவுக்கும் நமக்கும் வித்தியாசம் கோடையில் 12½ மணி, குளிர்காலத்தில் 13½ மணி. நாம் காலைக் காபி குடிக்கும்போது அங்கே முதல் நாள் மாலை. பிள்ளைகளுக்கு டெலிபோன் செய்யும் தாய்மார்களுக்கு இது மனப்பாடம்!

60 வருடமாக அதே வேகம்

"எல்லாம் சரி. நாளைக்கு இன்னும் வேகமான விமானம் வந்தால் 20 மணி 10 மணி ஆகிவிடாதா?" என்று கேட்கலாம்.

இதில்தான் ஆச்சரியமான செய்தி இருக்கிறது.

கணித மேதை ராமானுஜன் 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். "நெவாசா" என்பது அந்தக் கப்பலின் பெயர். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் சேர்ந்தார். 28 நாள்!

அப்பொழுது விமானம் குழந்தை. அதற்கு 4 ஆண்டு முன்பு, 1910-ல், சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானத்தைச் செய்து பறந்து காட்டினார். அதைச் சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில்!

1932-ம் ஆண்டு அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா தபால் பைகளோடு கராச்சியில் இருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து அந்தத் தபால் இன்னொரு விமானி மூலம் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தது. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி இந்திய விமானம் முதன் முதலாகப் பம்பாயில் இருந்து லண்டனுக்குக் கிளம்பியது. வழியில் கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கி, எண்ணெய் போட்டுக் கொண்டு போயிற்று.

பிறகு ஜெட் விமானம் வந்தது. 1958 அக்டோபரில் "போயிங் 707" அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஓடத் தொடங்கியது. 1960-ம் ஆண்டு மே மாதம் ஏர் இந்தியாவின் 707 நியூயார்க் வரை போயிற்று. அதன் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோ மீட்டர்.

இன்று நம் பிள்ளைகள் ஏறி வரும் புத்தம் புது விமானத்தின் வேகம் என்ன? அதுவும் மணிக்குச் சுமார் 900 கிலோ மீட்டர்தான்!

ஆம். 60 வருடத்துக்கு மேல் ஆகியும் பிரயாணிகள் விமானத்தின் வேகம் கூடவில்லை. நடுவில் "கான்கார்டு" என்று ஒன்று வந்தது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். லண்டனில் இருந்து நியூயார்க்குக்குச் சுமார் 3½ மணி நேரத்தில் போயிற்று. ஆனால் அது எண்ணெயைக் குடித்தது. இடி போலச் சத்தம் போட்டது. டிக்கெட் விலையோ பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டியது. 1976-ல் ஓடத் தொடங்கிய அது, 2003-ல் நின்றுவிட்டது.

இன்றைய விமானங்கள் இறங்காமல் வெகுதூரம் பறக்கின்றன. சிங்கப்பூரில் இருந்து நியூயார்க்குக்கு 15,000 கிலோ மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். 2021-ம் ஆண்டு ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து பெங்களூருக்கு, வட துருவம் வழியாக, முழுக்க முழுக்கப் பெண் விமானிகளே ஒரு விமானத்தை ஓட்டி வந்தார்கள். வழியில் எங்கும் இறங்கவில்லை. பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால், அவ்வளவு தூரம் பறக்கும் விமானமும் அதே 900 கிலோ மீட்டர் வேகத்தில்தான் பறக்கிறது.

இதில் இருந்து ஒன்று விளங்குகிறது. ஆகாயத்தில் போகும் நேரம் குறையாது. சீக்கிரத்தில் குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. குறைக்க முடிந்தது தரையில் போகும் நேரம் ஒன்றுதான்.

சிங்கப்பூர்க் கணக்கு

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரை எடுத்துக் கொள்ளுங்கள்.

நம் தாத்தா காலத்தில் "ரஜூலா" கப்பலில் போனார்கள். 1973 வரை ஓடிய கப்பல் அது. நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று போகும். ஒரு வார அளவில் ஆகும்.

இன்று விமானத்தில் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் செம்பாக்கத்தில் இருந்து புறப்படுகிறவரின் கணக்கு என்ன?

3 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். சாலையில் நெரிசல் இருக்குமே என்று பயந்து அதற்கும் ஒன்றரை மணி முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். அங்கே இறங்கி வெளியே வந்து வீடு சேர இன்னும் ஒன்றரை மணி. தரையில் மட்டும் 6 மணி நேரம்! கடலைத் தாண்ட 4 மணி. மீனம்பாக்கத்தைத் தாண்ட அதைவிட அதிகம்!

செம்பாக்கத்தில் இருந்து விமான நிலையம் சாலை வழியே சுமார் 12 கிலோ மீட்டர்தான். நள்ளிரவில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே சாலையில் காலை 9 மணிக்குப் போய்ப் பாருங்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு நிறுத்தம். சேலையூரில் ஒரு நிறுத்தம். கேம்ப் ரோட்டில் ஒரு நிறுத்தம். பிறகு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்லை.

900 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்து வருகிறவன், கடைசி 12 கிலோ மீட்டரை மாட்டு வண்டி வேகத்தில் கடக்கிறான்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலாவது, ரெயில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-ம் ஆண்டில் இருந்தே மின்சார ரெயில் ஓடுகிறது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் திரிசூலம். இவ்வளவு நல்ல வசதியைக் கையில் வைத்துக் கொண்டு, பெட்டியோடு போகிற குடும்பம் ஒன்றுகூட அதை நினைப்பது இல்லை. ஏன்? ஜனக் கூட்டத்தில் இரண்டு பெரிய பெட்டியை ஏற்ற முடியாது. இறங்கினால் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டும். பெட்டி வைக்க ரெயிலில் கொஞ்சம் இடமும், படி ஏறாமல் விமான நிலைய வாசல் வரை போக ஒரு பாதையும் செய்து கொடுத்தால் போதும். கோடிக் கணக்கில் செலவு செய்து புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை.

இரண்டாவது, மெட்ரோ. 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ ரெயில் வந்தது. வடக்கே இருப்பவர்களுக்கு நல்லது. தெற்கே இருக்கும் எங்களுக்கு? விமான நிலையத்தில் இருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை சுமார் 15½ கிலோ மீட்டருக்கு அதை நீட்டும் திட்டம் இருக்கிறது. செம்பாக்கமும் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் 2021-ல் தாம்பரத்தோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின. மாநகராட்சி என்று பெயர் வைத்தால் போதாது. மாநகரத்துக்கு உள்ள ரெயிலும் வர வேண்டும். அந்தத் திட்டத்தை இனியும் தள்ளிப் போடக் கூடாது.

மூன்றாவது, நேர் விமானம். சென்னையில் இருந்து லண்டனுக்கு நேரே போகலாம். அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. எதிர்வீட்டுப் பெரியவரின் கணக்கையே மறுபடி போட்டுப் பாருங்கள். மகன் அதே 7 மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினார் என்று வைத்துக் கொள்வோம். நேர் விமானம் 17 மணி நேரத்தில் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு மீனம்பாக்கம். 8 மணிக்கு ஆஸ்பத்திரி. தகப்பனார் உயிரோடு இருந்திருப்பார். மகன் கையைப் பிடித்திருப்பார்.

அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணிக்கு விலை உண்டா?

"அன்றைக்கு, அந்த நேரத்துக்கு, அப்படி ஒரு விமானம் இருந்திருக்கும் என்று என்ன நிச்சயம்?" என்று கேட்டால் நியாயம்தான். நிச்சயம் இல்லை. ஆனால் நேர் விமானமே இல்லாத ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இல்லை. "லாபம் வருமா?" என்று விமானக் கம்பெனிகள் கணக்குப் பார்க்கின்றன. பார்க்கட்டும். தமிழ்நாட்டில் இருந்து எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்படி சர்க்கார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பாஸ்போர்ட் வரிசை. அடிக்கடி வெளிநாடு போகும் இந்தியப் பிரஜைகளும், வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே பதிவு செய்து கொண்டால், எந்திரக் கதவு வழியாகவே வெளியே வரும் திட்டம் 2025 ஜனவரியில் மீனம்பாக்கத்துக்கும் வந்திருக்கிறது. கைரேகையும் முகமும் பதிவாகி இருந்தால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். இது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்து பதிவு செய்து கொள்ளுங்கள்.

பரந்தூர் எவ்வளவு தூரம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையத்தைக் காஞ்சீபுரம் பக்கத்தில் பரந்தூரில் அமைப்பது என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய சர்க்காரும் கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. நிலத்தையும் ஏரியையும் இழக்க வேண்டி வருமே என்று ஏகனாபுரம் முதலிய கிராமத்து மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஏரிக்கரையில் குடியிருக்கும் எங்களுக்கு அது புரிகிறது.

அதைத் தவிரப் பிரயாணிகள் பக்கம் இருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது. செம்பாக்கத்தில் இருந்து மீனம்பாக்கம் 12 கிலோ மீட்டர். பரந்தூர் 50 கிலோ மீட்டருக்கு மேல். சென்னையின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கும் வெகு தூரம்தான். சிங்கப்பூருக்கு 4 மணி நேரத்தில் போகலாம் என்று விளம்பரம் செய்வார்கள். பரந்தூருக்கு எத்தனை மணி என்று யார் சொல்வார்கள்?

பெரிய விமான நிலையம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்பதும் உண்மையே. ஆனால் எங்கே கட்டினாலும், முதலில் ரெயில் பாதையைப் போடுங்கள். பிறகு ஓடுபாதையைப் போடுங்கள். ஓடுபாதையைப் போட்டுவிட்டு ரெயில் பாதைக்காக 20 வருடம் காத்திருக்கும் கதை வேண்டாம். விமான நிலையத்தை வாசற்படியில் இருந்து அளக்க வேண்டும். வரைபடத்தில் இருந்து அளக்கக் கூடாது.

நம் பங்கு

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கு ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். பிள்ளை இருக்கும் ஊரில் இருந்து நம் வாசற்படிக்கு எத்தனை மணி? எந்த வழியாக வந்தால் காத்திருக்கும் நேரம் குறைவு? பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா? நள்ளிரவில் இறங்கினால் யார் போய் அழைத்து வருவது? அவசரம் வந்த பிறகு இதை எல்லாம் யோசித்தால் அதிலேயே பல மணி நேரம் போய்விடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை.

இன்றைக்கு நினைத்த மாத்திரத்தில் டெலிபோனில் முகத்தைப் பார்க்கிறோம். அப்பா சிரிப்பது தெரிகிறது. அம்மா சமையல் அறையில் நிற்பது தெரிகிறது. அதனால் தூரமே இல்லை என்று தோன்றிவிடுகிறது. ராமானுஜன் காலத்தில் 28 நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தகுந்தபடி மனத்தைத் தயார் செய்து கொண்டார்கள். நாம் தயார் செய்து கொள்வது இல்லை. முகம் ஒரு நொடியில் வந்து விடுகிறது. கால் வந்து சேர 33 மணி ஆகிறது. நடுவில் இருக்கும் அந்த 33 மணியில்தான் மனிதர்கள் உடைந்து போகிறார்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் அதற்கு முந்தைய பொங்கலுக்கு மகனை வரச் சொன்னார். "லீவு இல்லை அப்பா. கோடையில் வருகிறேன்" என்றார் மகன். கோடையிலும் முடியவில்லை. கடைசியில் எந்த லீவும் கேட்காமல் வந்தார்.

பெரியவர் மகன்மீது வருத்தப்பட்டதை நான் பார்த்தது இல்லை. மாலையில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக் கொண்டிருப்பார். "இதில் ஒன்றில்தான் ஒரு நாள் அவன் வருவான்" என்பார்.

அவர் சொன்னபடியே மகன் வந்தார். 5½ மணி நேரம்... இல்லை, சரியாகச் சொன்னால் 6½ மணி நேரம் தாமதமாக.

அந்த 6½ மணி நேரத்தை வானம் எடுத்துக் கொள்ளவில்லை. தரைதான் எடுத்துக் கொண்டது. வானத்தை நம்மால் சுருக்க முடியாது. தரையைச் சுருக்க முடியும். அதற்கு ரெயில் போதும், சாலை போதும், நேர் விமானம் போதும், கொஞ்சம் அக்கறை போதும்.

அதுவரையில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, போகிற உயிரைப் பார்க்க ஓடி வருவதற்குப் பதிலாக, இருக்கிற உயிரைப் பார்க்க ஒரு முறை சாவகாசமாக வந்துவிட்டுப் போங்கள். அந்தப் பிரயாணத்தில் 4 மணி நேரம் காத்திருந்தாலும் யாரும் கொல்லப்படுவது இல்லை.